படகுக்கு எர்த் எங்கே?

முனம்பம் கேரளத்தில் உள்ள ஒரு மீன்பிடித் துறைமுகம். கொச்சிக்கு வடக்கே, வைப்பின் தீவு முடிகிற இடத்தில் இருக்கிறது. பெரியாற்றின் ஒரு கிளை அங்கே கடலில் சேர்கிறது. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மலையாளிகள் இருப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர்கள் இருப்பார்கள். வங்காளிகளும் ஒடியாக்காரர்களும் இருப்பார்கள். எல்லோருக்கும் கடல்தான் தொழில்.

அங்கே ஓர் இரும்புப் படகு. ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கி மீன் பிடிக்கும் படகு. அதில் நடந்ததைச் சொல்கிறேன்.

படகு கரையை விட்டு மூன்றாம் நாள். விடியற்காலை. இரவு முழுவதும் எஞ்சினை நிறுத்தி வைத்திருந்தார்கள். இப்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் டிரைவர் சாவியைத் திருப்பினார்.

‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் சுற்றவில்லை.

மறுபடியும் திருப்பினார். மறுபடியும் ‘டக்’. மூன்றாம் முறை சாவியைத் திருப்பி, விடாமல் பிடித்தார்.

மேலே வீல்ஹவுஸில் இருந்து சிராங்கு கத்தினார்.

“விடு! சாவியை விடு! இங்கே புகை வருது!”

வயர்லெஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்து புகை வந்தது. அங்கே ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் இருந்தது. அதன் ரப்பர் உருகிச் சொட்டியது. உள்ளே இருந்த கம்பி சிவந்து கிடந்தது. வயர்லெஸ் செத்துப் போனது. அதன் பக்கத்தில் இருந்த ஜிபிஎஸ் பெட்டியின் திரையும் இருண்டு போனது.

எஞ்சின் கீழே இருக்கிறது. வயர்லெஸ் மேலே இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் வயர்லெஸ் ஏன் எரிய வேண்டும்? படகில் இருந்த 11 பேருக்கும் புரியவில்லை.

டிரைவர் கீழே போய் எஞ்சினைச் சுற்றி ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்த்தார். பேட்டரியில் இருந்து எஞ்சினுக்கு வரும் தடித்த மைனஸ் ஒயர் ஆடியது. போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. அதைச் சுரண்டினார். போல்ட்டை இறுக்கினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

ஆனால் பேச வயர்லெஸ் இல்லை. இடம் பார்க்க ஜிபிஎஸ் இல்லை. திசைகாட்டியை நம்பிக் கரைக்குத் திரும்பினார்கள். மூன்று நாள் டீசல் வீண். ஐஸ் வீண். வானம் தெளிவாக இருந்தது. அதனால் போனது பணம் மட்டும்தான்.

வானம் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. அப்போது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் இருந்து வரும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பி வரவில்லை. 2024இல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி தருவது அந்தத் திட்டம். நல்லது. ஆனால் எந்தக் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் போக வழி வேண்டும். திரும்பி வரவும் வழி வேண்டும்.

இந்தப் படகில் கெட்டது அந்தத் திரும்பி வரும் வழிதான்.

டார்ச் லைட்டைத் திறந்து பாருங்கள்

உங்கள் வீட்டில் பழைய தகர டார்ச் லைட் இருக்கிறதா? எடுத்துத் திறந்து பாருங்கள். செல்கள் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். செல்லின் மூக்குப் பக்கம் பிளஸ். தட்டையான அடிப் பக்கம் மைனஸ். மூக்கு பல்பைத் தொடுகிறது. பிளஸ்ஸில் இருந்து கரண்ட் புறப்படுகிறது. பல்புக்குள் போகிறது. பிறகு எப்படித் திரும்பி வருகிறது? ஒயர் ஒன்றையும் காணோமே!

டார்ச்சின் தகர உடம்புதான் திரும்பி வரும் வழி. கரண்ட் உடம்பு வழியாக வந்து, மூடியில் உள்ள ஸ்பிரிங்கில் ஏறி, மைனஸ்ஸில் சேர்கிறது. மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். விளக்கு அணைந்துவிடும். செல்லும் நல்ல செல். பல்பும் நல்ல பல்பு. ஆனால் திரும்பும் வழி அறுந்துவிட்டது.

லாரியிலும் இதே கதைதான். லாரியின் இரும்பு உடம்புதான் மைனஸ் ஒயர். விளக்குக்கு ஒரு ஒயர்தான் போகும். மற்றது ‘பாடி எர்த்’.

வீட்டில் உள்ள எர்த் வேறு. மண்ணில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயோ தகடோ புதைக்கிறார்கள். அது ஆபத்துக் காலத்துக்கு. கிரைண்டரில் கரண்ட் கசிந்தால், உங்கள் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக அந்த வழி. விளக்கு எரிவதற்கு அது தேவை இல்லை.

இரண்டு வேறு காரியங்களுக்கு ‘எர்த்’ என்று ஒரே பெயர். எத்தனையோ படகுகளில் வயரிங் குழம்பிக் கிடப்பதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம் என்பேன்.

படகுக்கு மண் இல்லை. சுற்றிலும் உப்புத் தண்ணீர். அப்படியானால் படகுக்கு எர்த் எது?

முனம்பத்தில் படகு வயரிங் செய்யும் வயதான மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். குளச்சல் பக்கத்தில் இருந்து வந்தவர். புகை வந்த படகைப் பார்க்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். டிரைவர் இதே கேள்வியை அவரிடம் கேட்டார்.

“மேஸ்திரி, கடல்தானே நமக்கு எர்த்?”

“கடல்ல கரண்டை விட்டா படகைத் தின்னுடும் தம்பி. எல்லா மைனஸ்ஸும் ஒரு இடத்துல வந்து சேரணும். அந்த இடந்தான் படகுக்கு எர்த்.”

ஒரு படகில் நான்கு பேட்டரி

இந்தப் படகில் நான்கு பேட்டரிகள். ஒவ்வொன்றும் 12 வோல்ட்.

எதற்கு இத்தனை? எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மிகப் பெரிய சக்தி வேண்டும். சில விநாடிதான். ஆனால் அந்தச் சில விநாடியில் சில நூறு ஆம்பியர் கரண்ட் பாயும். விளக்கு, வயர்லெஸ், ஜிபிஎஸ், மீன் பார்க்கும் எக்கோ சவுண்டர் இவற்றுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். ஆனால் இரவு முழுவதும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பேட்டரி என்றால் என்ன ஆகும்? இரவு விளக்கு எரியும். காலையில் எஞ்சின் பிடிக்காது. அதனால் பிரித்து வைக்கிறார்கள். இரண்டு பேட்டரி எஞ்சின் செட். இரண்டு பேட்டரி லைட் செட்.

இந்த எஞ்சினின் செல்ஃப் மோட்டாருக்கு 24 வோல்ட் வேண்டும். அதனால் எஞ்சின் செட்டில் இரண்டு பேட்டரிகளையும் வரிசையாக இணைத்திருக்கிறார்கள். டார்ச்சில் செல் போடுவது போலத்தான். முதல் பேட்டரியின் பிளஸ், இரண்டாவது பேட்டரியின் மைனஸ்ஸோடு சேரும். 12ம் 12ம் 24.

லைட் செட்டுக்கு 12 வோல்ட் போதும். அங்கே பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸ்ஸோடு மைனஸ். ஒரே தொட்டியின் பக்கத்தில் இன்னொரு தொட்டி வைத்து, அடியில் குழாய் போட்டு இணைத்தது போல. வோல்ட் கூடாது. நேரம் கூடும்.

இங்கே கவனமாகப் படியுங்கள். ‘எல்லா மைனஸ்ஸையும் ஓர் இடத்தில் சேர்’ என்று மேஸ்திரி சொன்னார் அல்லவா? அப்படிச் சொன்னதை ஒரு பையன் வேறு மாதிரிப் புரிந்துகொண்டான். நான்கு பேட்டரி, நான்கு மைனஸ், நான்கையும் சேர்ப்போம் என்று ஒயரை எடுத்தான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்துவிட்டார்.

“மக்கா, நில்லு! அது மைனஸ் இல்லே. அது நடு.”

எஞ்சின் செட்டில் இரண்டாவது பேட்டரியின் மைனஸ், முதல் பேட்டரியின் பிளஸ்ஸோடு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அங்கே 12 வோல்ட் இருக்கிறது. அதை எர்த்தில் சேர்த்தால் முதல் பேட்டரியின் பிளஸ்ஸும் மைனஸ்ஸும் நேராகச் சேர்ந்துவிடும். பெரிய தீப்பொறி பறக்கும். ஒயர் எரியும். பேட்டரி வெடிக்கவும் கூடும். ஒரு செட்டுக்குக் கடைசியில் ஒரே ஒரு மைனஸ்தான் உண்டு. எர்த்துக்குப் போவது அது மட்டும்தான்.

இந்த ‘நடு’வில் இன்னொரு தப்பும் நடக்கிறது. பல படகுகளில் லைட் செட்டே கிடையாது. 24 வோல்ட் செட்டின் முதல் பேட்டரியில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து விளக்கும் வயர்லெஸ்ஸும் ஓட்டுவார்கள். செலவு மிச்சம் என்று நினைப்பார்கள். முதல் பேட்டரி தினமும் காலியாகும். இரண்டாவது பேட்டரி நிறைந்தே இருக்கும். எஞ்சின் ஓடும்போது இரண்டுக்கும் ஒரே அளவு சார்ஜ்தான் ஏறும். முதலாவது பசியோடு கிடக்கும். இரண்டாவது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகி, கொதித்து, தண்ணீர் வற்றும். இரண்டும் சீக்கிரம் சாகும். லைட்டுக்குத் தனி செட் வையுங்கள். முடியாவிட்டால் 24ஐ 12 ஆக மாற்றும் கன்வர்ட்டர் ஒன்று வாங்குங்கள். அது ஒரு புதிய பேட்டரியை விட மலிவாகவே கிடைக்கலாம்.

சில படகுகளில் இரண்டு செட்டும் 12 வோல்ட். அங்கே ஒரு மாற்று சுவிட்ச் இருக்கும். 1, 2, இரண்டும் சேர்த்து என்று திருப்பலாம். அந்த சுவிட்ச் பிளஸ் பக்கத்தில்தான் வேலை செய்யும். மைனஸ் பக்கம் எப்போதும் சேர்ந்தே இருக்கும். எஞ்சின் ஓடும்போது அந்த சுவிட்சை ‘ஆஃப்’ பக்கம் திருப்பாதீர்கள். ஆல்டர்னேட்டர் கெட்டுவிடும்.

வயர்லெஸ் ஏன் எரிந்தது?

மேஸ்திரி படகில் இருந்த ஒயர்களை எல்லாம் தடவிக்கொண்டே போனார். அரை நாள் ஆயிற்று. பிறகு ஒரு சாக்குக் கட்டியால் தளத்தில் படம் போட்டுக் காட்டினார்.

வயர்லெஸ்ஸைப் பொருத்தியவர் அதன் மைனஸ்ஸை லைட் செட்டில் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தது என்று எஞ்சின் செட்டின் மைனஸ்ஸில் முறுக்கிவிட்டார். மெல்லிய ஒயர். வயர்லெஸ்ஸில் இருந்து அண்டெனாவுக்குக் கேபிள் போகிறது. அந்தக் கேபிளின் வெளிச் சல்லடைக் கம்பி அண்டெனாவின் அடியில் இரும்புக் கம்பத்தைத் தொடுகிறது. கம்பம் படகின் இரும்பு உடம்பில் வெல்டிங் செய்யப்பட்டது. படகின் உடம்பில்தான் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது விரலால் தொடர்ந்து பாருங்கள். எஞ்சின் செட்டின் மைனஸ்ஸில் இருந்து எஞ்சினுக்கு இரண்டு வழி. ஒன்று, தடித்த ஒயர் வழியாக நேராக. இன்னொன்று, மெல்லிய ஒயர், வயர்லெஸ், அண்டெனா, கம்பம், படகு உடம்பு என்று சுற்றி. தடித்த ஒயர் நன்றாக இருக்கும்வரை கரண்ட் நேர் வழியில்தான் பெரும்பாலும் போகும். அன்றைக்குத் தடித்த ஒயரில் களிம்பு ஏறி, போல்ட்டும் தளர்ந்துவிட்டது. செல்ஃப் மோட்டார் சில நூறு ஆம்பியர் கேட்டது. நேர் வழி அடைத்துக் கிடந்தது. கரண்ட் சுற்று வழியில் பாய்ந்தது. பெரிய லாரி ஒன்று வயல் வரப்பில் ஏறியது போல ஆயிற்று.

எஞ்சினைச் சுற்றும் அளவுக்கு அந்த மெல்லிய ஒயரால் கரண்ட் தர முடியாது. அதனால் ‘டக்’ மட்டும் கேட்டது. ஆனால் ஒயர் எரியும் அளவுக்குக் கரண்ட் பாய்ந்தது.

“வயர்லெஸ்ஸில் ஃப்யூஸ் இருந்ததே மேஸ்திரி, அது ஏன் போகல?”

“ஃப்யூஸ் பிளஸ்லதானே இருக்கு. இந்தக் கரண்ட் பிளஸ் பக்கமே வரலையே தம்பி.”

அப்படியானால் மைனஸ்ஸிலும் ஒரு ஃப்யூஸ் போடலாமா? எர்த்துக்குப் போகும் பெரிய மைனஸ் ஒயரில் போடக் கூடாது. அது எரிந்து போனால் அந்த செட்டின் திரும்பும் வழியே அறுந்துவிடும். பிறகு எந்த மெல்லிய ஒயர் கிடைக்கிறதோ அதில் கரண்ட் பாயும். அன்றைக்கு நடந்ததேதான் மறுபடி நடக்கும். ஃப்யூஸ் பிளஸ் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மைனஸ்ஸுக்குக் காவல் ஃப்யூஸ் இல்லை. தடித்த ஒயரும் இறுகிய போல்ட்டும்தான் காவல்.

ஒரு செம்புப் பட்டை

மேஸ்திரி செய்த வேலை இதுதான். பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் படாத உயரத்தில், ஒரு தடித்த செம்புப் பட்டையைப் பொருத்தினார். வயரிங் செய்பவர்கள் இதைப் பஸ்பார் என்பார்கள். அதில் வரிசையாகப் போல்ட்டுகள்.

எஞ்சின் செட்டின் கடைசி மைனஸ் அந்தப் பட்டைக்கு வந்தது. லைட் செட்டின் மைனஸ் அதே பட்டைக்கு வந்தது. பட்டையில் இருந்து எஞ்சினுக்கு ஒரே ஒரு தடித்த ஒயர் போனது. செல்ஃப் மோட்டாரின் பிளஸ் ஒயர் எவ்வளவு தடிமனோ, இதுவும் அவ்வளவு தடிமன். போகிற கரண்ட் முழுவதும் திரும்பி வர வேண்டுமே!

லைட் செட்டையும் ஏன் இந்தப் பட்டையில் சேர்க்க வேண்டும்? தனியாகவே விட்டுவிடலாமே என்று டிரைவர் கேட்டார். நல்ல கேள்வி. லைட் செட்டுக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் எஞ்சினில்தான் மாட்டியிருக்கிறது. அதன் மைனஸ் எஞ்சினின் இரும்புதான். ஆகவே இரண்டு செட்டும் எஞ்சினில் எப்படியும் சந்திக்கும். அது மட்டும் இல்லை. எக்கோ சவுண்டரில் இருந்து ஜிபிஎஸ்ஸுக்கு மெல்லிய ஒயர்கள் போகின்றன. இந்தப் பெட்டியின் மைனஸ் ஓர் இடத்திலும் அந்தப் பெட்டியின் மைனஸ் வேறு இடத்திலும் இருந்தால், இரண்டுக்கும் இடையே அரை வோல்ட், ஒரு வோல்ட் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் செய்தி போகும் மெல்லிய ஒயரில் கரண்ட்டைத் தள்ளும். திரை நடுங்கும். ஆழம் தப்பாகக் காட்டும். வயர்லெஸ்ஸில் ‘உய்ய்’ என்று எஞ்சின் சத்தம் கேட்கும். இந்தத் தொந்தரவு உங்கள் படகில் இருந்தால், புதுப் பெட்டி வாங்கும் முன் மைனஸ் ஒயரைப் பாருங்கள்.

விளக்குக்கும் கருவிகளுக்கும் மேஸ்திரி பழைய ஒயரை எடுத்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று என்று இரண்டு ஒயர். எல்லா மைனஸ்ஸும் வீல்ஹவுஸில் ஒரு சிறிய பட்டையில் சேர்ந்தன. அங்கிருந்து ஒரே ஒயர் கீழே பெரிய பட்டைக்கு வந்தது.

“இரும்புப் படகுதானே? லாரி மாதிரி உடம்பையே மைனஸ்ஸா வச்சுக்கலாமே?” என்றார் சிராங்கு.

“லாரி தண்ணியிலயா நிக்குது?” என்றார் மேஸ்திரி.

படகின் இரும்பு எஞ்சின் வழியாக மைனஸ்ஸோடு சேர்ந்துதான் இருக்கும். சேர்ந்திருக்கலாம். ஆனால் கரண்ட்டைச் சுமக்கும் ஒயராக அதைப் பயன்படுத்தக் கூடாது. போல்ட் போட்ட இடங்களில் உப்புக் காற்றில் துரு ஏறும். துரு கரண்ட்டை விடாது.

உப்புத் தண்ணீர் செய்யும் வேலை

கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் கடல் தண்ணீரில் கரண்ட் எளிதாகப் பாயும். இரண்டு வேறு உலோகங்களை உப்புத் தண்ணீரில் வைத்து, வெளியே ஒயரால் இணைத்தால் அதுவே ஒரு பேட்டரி. 1800இல் இத்தாலியில் வோல்ட்டா என்ற விஞ்ஞானி இப்படித்தான் முதல் பேட்டரியைச் செய்தார். துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியோ அட்டையோ.

உங்கள் படகைப் பாருங்கள். இரும்பு உடம்பு. வெண்கலப் புரொப்பல்லர். சுற்றிலும் உப்புத் தண்ணீர். நீங்கள் ஒன்றும் செய்யாமலே படகு ஒரு பேட்டரி! அதில் கரைவது இரும்பு. அதற்காகத்தான் அடியில் ஜிங்க் கட்டை வைக்கிறோம். இரும்பை விட ஜிங்க் சீக்கிரம் கரையும். இரும்புக்குப் பதிலாகத் தன்னைக் கொடுக்கும். ஜிங்க் படகின் இரும்போடு நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். அதன் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. அழகுக்காகப் பெயிண்ட் அடித்துவிட்டு, “ஜிங்க் கரையவே இல்லை, நல்ல சரக்கு” என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கரைந்தது படகு.

இந்த யோசனை 1824இல் இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி என்பவர் சொன்னது. அங்கே மரப் போர்க்கப்பல்களின் அடியில் செம்புத் தகடு அடித்திருந்தார்கள். தகடு அரித்துப் போனது. ஜிங்க் அல்லது இரும்புத் துண்டுகளைச் செம்போடு சேர்த்து வைக்கச் சொன்னார். செம்பு அரிப்பது நின்றது. ஆனால் ஒரு வேடிக்கை. செம்பு கரையாததால் அதில் சிப்பியும் பாசியும் பிடித்துக்கொண்டன. கப்பல் மெதுவாகப் போயிற்று!

இது தானாக நடக்கும் அரிப்பு. மெதுவாக நடக்கும். பேட்டரியில் இருந்து கரண்ட் கடலுக்குக் கசிந்தால் அரிப்பு பல மடங்கு வேகம். இரும்பில் இருந்து தண்ணீருக்குள் ஒரே ஒரு ஆம்பியர் கரண்ட் ஓர் ஆண்டு விடாமல் பாய்ந்தால், சுமார் 9 கிலோ இரும்பு கரைந்து போகும். ஒரு ஆம்பியர் என்பது 12 வோல்ட்டில் ஒரு சின்ன விளக்குக்கு ஆகும் கரண்ட்.

மரப் படகிலும் ஃபைபர் படகிலும் இந்த ஆபத்து ஓர் இடத்தில் பதுங்கி இருக்கிறது. அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்க ஒரு சிறிய பம்ப் இருக்கும். அதன் பிளஸ் ஒயர் அழுக்குத் தண்ணீரில் கிடக்கும். ரப்பர் வெடித்துக் கம்பி தெரிந்தால் கரண்ட் அந்தத் தண்ணீரில் இறங்கும். பக்கத்தில் படகின் அடியில் பொருத்திய குழாய் மூட்டு இருக்கும். அதில் ஏறி, வெளியே கடலுக்குப் போகும். கடல் வழியாகப் புரொப்பல்லரில் ஏறி, எஞ்சின் வழியாக மைனஸ்ஸில் சேரும். கரண்ட் உலோகத்தை விட்டுத் தண்ணீரில் இறங்கும் இடம்தான் கரையும். அதாவது குழாய் மூட்டு. அது உடைந்தால் படகுக்குள் தண்ணீர் வரும். அந்த ஒயரின் இணைப்பைத் தண்ணீருக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள்.

இரும்புப் படகுக்கு வேறு ஒரு எதிரி. வெல்டிங். படகு தண்ணீரில் மிதக்கும்போது வெல்டிங் செய்வார்கள். வெல்டிங் மெஷின் கரையில் இருக்கும். எர்த் கிளாம்பைக் கரையிலோ பக்கத்துப் படகிலோ மாட்டிவிடுவார்கள். கரண்ட் திரும்ப வேறு வழி இல்லாமல் கடல் வழியாகப் போகும். படகின் அடியைக் கரைத்துக்கொண்டே போகும். கிளாம்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு மிக அருகில், அதே படகில் மாட்டச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயர்களையும் கருவிகளின் ஒயர்களையும் கழற்றிவிடுங்கள்.

நீங்களே பார்க்கலாம்

கேரளத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் இழுவலைத் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும். ஒயர்களைப் பார்க்க அதுவே நல்ல நேரம்.

பீடியை அணைத்துவிட்டு உட்காருங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியில் இருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். பேட்டரி ஒயரைக் கழற்றும்போது முதலில் மைனஸ். மாட்டும்போது கடைசியில் மைனஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பானர் இரும்பில் பட்டதும் தீப்பொறி பறக்கும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறிய பல்பு போதும். லைட் செட்டுக்கு 12 வோல்ட் பல்பு. எஞ்சின் செட்டுக்கு 24 வோல்ட் பல்பு. எல்லா சுவிட்சையும் அணையுங்கள். செட்டின் கடைசி மைனஸ்ஸில் இருந்து ஒயரைக் கழற்றுங்கள். மைனஸ் முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவே பல்பை வையுங்கள். பல்பு எரியக் கூடாது. மங்கலாக எரிந்தாலும் எங்கோ கரண்ட் போகிறது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எந்த ஃப்யூஸை எடுத்ததும் பல்பு அணைகிறதோ, அந்த ஒயரில்தான் கசிவு.

மீட்டர் இருந்தால் இன்னொன்று பார்க்கலாம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ்ஸில் வையுங்கள். மறு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வையுங்கள். ஒருவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யட்டும். அந்த நேரத்தில் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மைனஸ் வழியில் கோளாறு. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இந்தப் படகில் புறப்படும் முன் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால், கடலில் புகை வந்திருக்காது.

பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.8க்குக் கீழே போனால் காலி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கரையில் இருந்து 230 வோல்ட் லைன் இழுத்துப் பேட்டரி சார்ஜ் செய்கிறீர்களா? அது ஆளைக் கொல்லும் கரண்ட். கசிந்தால் தானே அணையும் சுவிட்ச் இல்லாமல் அந்த லைனை எடுக்காதீர்கள். அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

முனம்பத்துப் படகு இப்போது மறுபடியும் கடலுக்குப் போகிறது. வேலை முடிந்த அன்று மேஸ்திரி எல்லா ஒயரிலும் தகரச் சீட்டு கட்டச் சொன்னார். எழுதுவதற்கு மட்டும் அவர் டிரைவரிடம் கொடுத்துவிட்டார். டிரைவர் 42 வயதில் எழுதப் படிக்கக் கற்றவர். ‘எஞ்சின் செட் மைனஸ்’, ‘லைட் செட் மைனஸ்’, ‘வயர்லெஸ்’, ‘பம்ப்’ என்று ஆணியால் கீறி எழுதினார். செம்புப் பட்டைக்கு மேலே பெயிண்டில் தமிழில் ‘கழற்றாதே’ என்று எழுதினார். மலையாளத்தில் சிராங்கு எழுதினார். வங்காளி எழுத்தில் ஒரு பையன் எழுதினான். வீல்ஹவுஸில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. தினமும் காலையில் தேதியையும் இரண்டு செட்டின் வோல்ட்டையும் அதில் குறிக்கிறார்கள். குறித்த பிறகுதான் சாவியைத் திருப்புகிறார்கள்.